வெள்ளை அணிக்குச் சிவப்புக் கூட்டம்

அணி ஊரைவிட்டுப் புறப்படப் போகிறது என்ற செய்தியை எவோதியோ சாராத்தே முதலில் நம்பவில்லை. சான் ஹசிந்தோ நகரத்துப் பேருந்து நிலையத்தில், எந்த வண்டி எந்த மேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர் உத்தியோகம். புறப்படுகிறது என்று அவர் வாயாலேயே அறிவித்து, டிரைவர் சாப்பிடப் போய்விட்டதால் நின்ற இடத்திலேயே நின்ற வண்டிகள் எத்தனையோ. அதனால் எது புறப்படுகிறது என்று யார் சொன்னாலும் அவர் லேசில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அவர் காலேரோஸ் கால்பந்து அணியின் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர். ஒரு காலத்தில் சுண்ணாம்புச் சூளைத் தொழிலாளர்கள் சேர்ந்து தொடங்கிய அணி அது. அதனால்தான் சுண்ணாம்புக்காரர்கள் என்று பொருள்படும் அந்தப் பெயர். சட்டையும் தூய வெள்ளை. ரசிகர் கூட்டத்தில் மொத்தம் நாற்பத்தொரு பேர். இதில் டிரம் அடிக்கிற கிரெசென்சியா, ஓய்வுபெற்ற நர்ஸ். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவள். ஆனாலும் அவள் அடிக்கிற அடிக்கு எதிரணி கோல்கீப்பர்களே திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை காலையில் கிளப்பின் தலைவர் மோந்தவெர்தே அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் எவோதியோ கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"உக்காருங்க தோன் எவோதியோ. காபி?" என்றார் தலைவர். தோன் என்ற மரியாதையைக் கேட்டதுமே விஷயம் நல்லதில்லை என்று எவோதியோவுக்குப் புரிந்துவிட்டது.

"பேப்பர்ல போட்டிருக்கறது நிஜமா சார்?"

"நான் போகணும்னு ஆசைப்படல. ஆனா புவெர்த்தோ லிரியோவுல கவர்னரு கடலோரமா புது ஸ்டேடியம் கட்டி வச்சிக்கிட்டு, ஆட டீம் இல்லாம உக்காந்திருக்காரு. இங்க டீம் இருக்கு, பாக்க ஆளு இல்ல. வர்ற சனிக்கிழமை லீக்லேருந்து மூணு பேரு பார்வையிட வர்றாங்க. ஸ்டேடியம் நிரம்பி இருந்திச்சுன்னா நான் அவங்ககிட்ட நெஞ்ச நிமித்திப் பேசலாம்."

"மொத்தம் எத்தனை சீட்டு சார்?"

"இருபத்தோராயிரம்."

"நாங்க நாப்பத்தோரு பேரு."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றார் தலைவர், சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

எவோதியோ அன்று மத்தியானமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நண்பர் ஒருவரின் வேனில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினார். ஊருக்கெல்லாம் தெரிந்த குரல். அதனால் முதல் நாள் கொஞ்சம் குழப்பம். "நம் காலேரோஸை நம்மை விட்டுப் புறப்பட விடலாமா" என்று அவர் உருகியதைக் கேட்டு, இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனால் டிக்கெட் வாங்க யாரும் அசையவில்லை. எல்லோருக்கும் வருத்தம் இருந்தது. "அடப்பாவமே, டீம் போகுதா? எங்கப்பா சூளையில வேல பாத்தவரு" என்றார்கள். சனிக்கிழமை மட்டும் ஆளுக்கொரு வேலை இருந்தது. இரண்டு நாளில் அறுபத்திரண்டு டிக்கெட் போயிற்று. அதில் பதினெட்டு அவருடைய மனைவி எல்விராவின் சொந்தக்காரர்கள். மறுக்க வாய் வராதவர்கள்.

புதன்கிழமை சாயங்காலம் மக்காச்சோள ரொட்டி போடும் மில்லின் வாசலில் வேனை நிறுத்தினார். மில்லை நடத்தும் ப்ரூதென்சியா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

"தொண்ட கட்டிப் போச்சே தோன் எவோதியோ. சனிக்கிழமை யாரோட மேட்சு?"

"அனாவாக்கோட."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "என்னது, அனாவாக் இங்க வருதா? தலைநகரத்து அனாவாக்கா? இத ஏன்யா முதல்லயே சொல்லல! டிக்கெட் எங்க கிடைக்கும்? எனக்கு ஏழு வேணும்."

ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்களும் திரும்பினார்கள். பத்து நிமிஷத்தில் வேனில் இருந்த டிக்கெட்டுகள் காலி. வாங்கியவர்களில் ஒருவர்கூட காலேரோஸ் என்ற வார்த்தையை உச்சரிக்கவில்லை. எவோதியோ ஒலிபெருக்கியை அணைத்தார். பிறகு வண்டியைத் தன் மச்சான் இலாரியோவின் பஞ்சர் கடைக்கு ஓட்டினார்.

இலாரியோ எல்விராவின் அண்ணன். அனாவாக் அணிக்கு அந்த மாவட்டத்தில் இருந்த ரசிகர் மன்றத்துக்கு அவன்தான் தலைவன். கடைச் சுவர், ஷட்டர், காற்றடிக்கிற மெஷின் எல்லாம் சிவப்பு. அவனுக்கும் எவோதியோவுக்கும் ஐந்து மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எவோதியோவின் பேரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, ஞானத்தந்தையாக நின்ற இலாரியோ, பாதிரியார் திரும்பிய நேரம் பார்த்துக் குழந்தையின் வெள்ளை அங்கியைக் கழற்றிவிட்டு அனாவாக்கின் சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டான். எல்லா போட்டோவிலும் குழந்தை சிவப்பாகவே இருக்கிறது.

"யாரு வந்திருக்கறது பாருங்கடா!" என்றான் இலாரியோ, டயருக்கு அடியிலிருந்து தலையை நீட்டி. "வா மாப்ள. பஞ்சரா? டீம் மொத்தமுமே பஞ்சராயிட்டுதுன்னு கேள்விப்பட்டேன்."

"மச்சான், ஒரு உதவி வேணும்."

"சுண்ணாம்பு வேணும்னா அடுத்த கடை."

எவோதியோ பல்லைக் கடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை ஸ்டேடியம் நிரம்ப வேண்டும். இந்த ஊரில் மட்டுமல்ல, சுற்றியுள்ள ஆறு ஊர்களிலும் அனாவாக் ரசிகர்கள் இருக்கிறார்கள். வண்டிகள் ஏற்பாடு செய்வது தன் பொறுப்பு. ஆட்களைக் கூட்டி வருவது இலாரியோ பொறுப்பு.

இலாரியோ எழுந்து நின்று கையைத் துடைத்தான். கடையில் வேலை செய்த மூன்று பேரையும் கிட்டே கூப்பிட்டான். "ரெண்டு கண்டிஷன். எங்களுக்கு வடக்கு ஸ்டாண்டு வேணும்."

வடக்கு ஸ்டாண்டு காலேரோஸ் ரசிகர் கூட்டத்தின் இடம். எவோதியோவின் அப்பா காலத்திலிருந்து அங்கே வேறு யாரும் கொடி கட்டியதில்லை.

"சரி" என்றார் எவோதியோ. சொன்னது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"ரெண்டாவது, அனாவாக்தான் பெருசுன்னு இவங்க முன்னாடி சொல்லு."

"அனாவாக்தான் பெருசு."

"கேக்கல மாப்ள. பஸ் ஸ்டாண்டுல கத்துவியே, அந்தக் குரல்ல."

எவோதியோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "பயணிகள் கவனத்திற்கு" என்று பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். எதிர்சாரியில் இருந்த சலூனில் சவரம் நின்றது. இலாரியோவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவன் மைத்துனரின் தோளைத் தட்டி, "உன் டீமுக்காக நீ இவ்ளோ தூரம் இறங்குவேன்னு நினைக்கல, மாப்ள. ஆளு எத்தன ஆயிரம் வேணும் சொல்லு" என்றான். அந்தப் பாராட்டுதான் எவோதியோவுக்குக் கேலியைவிட அதிகமாக வலித்தது.

வெள்ளிக்கிழமை ரசிகர் கூட்டத்தைக் கூட்டி விஷயத்தை உடைத்தபோது கிரெசென்சியா டிரம் குச்சியை அவர் மேல் விட்டெறிந்தாள்.

"நம்ம இடத்துல அவனுங்களா? நாம எங்க நிக்கறது?"

"தெற்கு மூலையில. ஆம்புலன்சுக்குப் பக்கத்துல."

"எனக்கு வசதிதான்" என்றாள் அவள். "உன்ன நேரா அதுலயே படுக்கப் போட்டுடலாம்."

சனிக்கிழமை பிற்பகல் முப்பத்துநான்கு வண்டிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் இடம் காட்டி, வரிசைப்படுத்தி, இறங்கியவர்களுக்குக் கழிப்பறை எங்கே, பீர் எங்கே, வடக்கு வாசல் எங்கே என்று வழிகாட்டியது எவோதியோதான். வெள்ளைச் சட்டையில் நின்று வழி சொன்னதால், அவரை ஸ்டேடியத்துச் சிப்பந்தி என்று நினைத்து ஒருவர் கையில் பத்து பெசோ நாணயத்தை வைத்துவிட்டுப் போனார்.

வெளியூர்க்காரர்கள் சிவப்பில் வந்தது எதிர்பார்த்ததுதான். சொந்த ஊர்க்காரர்களைப் பார்த்தபோதுதான் அவருக்கு முகம் சுண்டியது. அவருக்குப் பல் பிடுங்கிய டாக்டர் சிவப்பில். மகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியை சிவப்பில். ப்ரூதென்சியா, அவள் அக்கா, அக்கா பிள்ளைகள் எல்லாரும் சிவப்பில். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் அங்கிக்கு மேல் சிவப்புத் துண்டு போட்டிருந்தார்.

"சாமி, நீங்களுமா?"

"ஆண்டவருக்கு எல்லாரும் ஒண்ணுதான் எவோதியோ. ஆனா அனாவாக் வருஷத்துக்கு ஒரு தடவதான் வருது."

"காலேரோஸ் நம்ம டீம் இல்லயா சாமி?"

"நம்ம டீம்தான், அதுல என்ன சந்தேகம். நம்ம டீம எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாமே" என்று சொல்லிவிட்டு, வறுத்த பன்றித்தோல் பொட்டலத்தில் மிளகாய்ச் சாறு ஊற்றிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

ஆட்டம் தொடங்கும்போது ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. காலேரோஸ் வீரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். தங்கள் சொந்த ஸ்டேடியம் தங்களைப் பார்த்து விசிலடித்து ஊளையிடுவதைக் கேட்டுத் திகைத்து நின்றார்கள். புதிதாகச் சேர்ந்த பரகுவாய்க்காரன் ஒருவன் அதை வரவேற்பு என்று நினைத்து வடக்கு ஸ்டாண்டைப் பார்த்துக் கையசைத்தான்.

மேலே கண்ணாடி அறையில் லீக்கிலிருந்து வந்த மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபதாவது நிமிஷத்தில் அனாவாக் கோல் போட்டது. ஸ்டேடியம் அதிர்ந்தது. எவோதியோ நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி எழுந்து நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மோந்தவெர்தே முகமெல்லாம் பல்லாக இருந்தார். எவோதியோவின் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. தன் அணி கோல் வாங்கியதற்குத் தான் சந்தோஷப்படுகிறோம் என்று உறைத்தபோது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். கிரெசென்சியா பார்த்திருந்தாள்.

"வெக்கமா இல்ல?" என்றாள்.

இரண்டாம் பாதியில் காலேரோஸுக்குப் பெனால்டி கிடைத்தது. எவோதியோ கணக்குப் போட்டார். இப்போது கோல் விழுந்தால் ஸ்டேடியம் வாயை மூடிக்கொள்ளும். இருபத்தோராயிரம் பேர் சும்மா இருந்தால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "வெளிய அடிச்சிருடா" என்று அவர் உதடு முணுமுணுத்தது. பரகுவாய்க்காரன் ஓடி வந்து வலது மூலையில் போட்டான்.

அந்த அமைதியில், கோல் போட்டவன் தன் தாயின் பெயரைச் சொல்லிக் கத்தியது தெற்கு மூலைவரை கேட்டது. அடுத்த நொடியில் கிரெசென்சியாவின் டிரம் தனியாக அதிர்ந்தது. எவோதியோ கண்ணை மூடிக்கொண்டார். எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் அதே பரகுவாய்க்காரன் தலையால் முட்டி இரண்டாவது கோல் போட்டபோது, லீக், பார்வையிட வந்தவர்கள், கண்ணாடி அம்மாள் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. எப்போது கம்பி வேலியில் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. குரல் போகும்வரை கத்தினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அனாவாக்கை ஜெயித்திருந்தார்கள். நாற்பத்தொரு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள்.

ஆட்டம் முடிந்து புறப்படும்போது போலீஸ்காரர் ஒருவர் வாசலை மறித்து நின்றார்.

"வெளியூர் ரசிகர்கள் கொஞ்சம் பொறுங்க. உள்ளூர்க்காரங்க எல்லாம் போனப்பறம் உங்கள பத்திரமா அனுப்பி வைக்கறோம்."

"யோவ், நாங்கதான்யா உள்ளூரு!" என்றாள் கிரெசென்சியா.

போலீஸ்காரர் சிவப்புக் கடலையும் இவர்கள் நாற்பத்தொரு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, எங்கிட்ட வம்பு பண்ணாதீங்க. ஜெயிச்சவங்க நீங்க, கோவத்துல இருக்கறது அவங்க. யாரு உள்ளூருன்னு கணக்குப் பாக்கற நேரமா இது?"

முக்கால் மணி நேரம் அவர்களைச் சொந்த ஸ்டேடியத்துக்குள் அடைத்து வைத்திருந்து, பிறகு போலீஸ் காவலோடு அவரவர் தெருவில் கொண்டுவிட்டார்கள்.

பதினாறு நாள் கழித்துச் செய்தி வந்தது. அணியைப் புவெர்த்தோ லிரியோவுக்கு விற்றாகிவிட்டது. சீசன் முடிந்ததும் இடமாற்றம். செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அந்தச் சனிக்கிழமை எடுத்த படம் பெரிதாக வந்திருந்தது. ஒரு பக்கம் மோந்தவெர்தே சொல்லியிருந்தார்: ஸ்டேடியத்தை நிரப்பும் அணி இது என்று வாங்குபவர்கள் இந்தப் படத்திலேயே கண்டார்கள், நல்ல விலை கொடுத்தார்கள். மறுபக்கம் லீக்கின் கண்ணாடி அம்மாள் சொல்லியிருந்தாள்: படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, அந்த ஊரில் அந்த அணிக்கு ரசிகர்களே இல்லை, அதனால் இடமாற்றத்துக்கு அனுமதி கொடுத்தோம்.

எல்விரா பேப்பரை வாங்கிப் படித்தாள். "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான் போலயே" என்றாள்.

"உன் அண்ணன்கிட்ட நான் போயிருக்கவே கூடாது."

"நீ போகாம இருந்தா காலி ஸ்டேடியத்தப் படம் எடுத்துப் போட்டிருப்பாங்க. சும்மா புலம்பாம சாப்புடு கிழவா."

அன்று சாயங்காலம் இலாரியோ வீட்டுக்கே ஓடி வந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. குத்திக்காட்ட வந்திருக்கிறான் என்று எவோதியோ நினைத்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு யோசிக்காம விட்டுட்டேன்" என்றான் இலாரியோ, நின்றபடியே. "காலேரோஸ் போயிட்டா இந்த ஊருல முதல் டிவிஷன் டீமே இருக்காது. டீம் இல்லன்னா அனாவாக் இங்க எப்பிடி வரும்? எவன் கூட ஆட வரும்?"

எவோதியோ உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார்.

"சும்மா உக்காந்திருந்தா எப்பிடி? ஏதாவது பண்ணு! இது நம்ம டீம்யா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சான் ஹசிந்தோ காணாத ஊர்வலம் ஒன்று நடந்தது. ஆறாயிரம் பேர் கிளப் அலுவலகத்துக்கு முன்னால் திரண்டு, "காலேரோஸ் போகாதே" என்று கோஷம் போட்டார்கள். இலாரியோதான் கூட்டியிருந்தான். அவனால் கூட்ட முடிந்தது எல்லாமே சிவப்புச் சட்டைகள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு விஷயம் விளங்கவில்லை. இரவுச் செய்தியில், அந்தச் சனிக்கிழமைத் தோல்விக்காக அனாவாக் ரசிகர்கள் ஆத்திரத்தில் காலேரோஸ் அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள் என்று சொன்னார்கள். மோந்தவெர்தே போலீஸ் பாதுகாப்போடு பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கடைசி ஆட்டம் மே மாதத்தில், புள்ளிப் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்த ஓர் அணியோடு. ஒன்பதாயிரம் பேர் வந்திருந்தார்கள். பல் டாக்டர், தலைமையாசிரியை, ப்ரூதென்சியா எல்லாரும் வாசலில் வாங்கிய புது வெள்ளைச் சட்டையில். மடிப்பு இன்னும் கலையவில்லை. அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. கடைசி விசில் ஊதியதும் இலாரியோ எவோதியோவின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதான். என்ன செய்வதென்று தெரியாமல் எவோதியோ அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "விடு மச்சான், விடு மச்சான்" என்றார். தனக்கு ஏன் கண்ணீர் வரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை.

பிறகு சுற்றிலும் கடகடவென்று சத்தம் கேட்டது. ஜனங்கள் ஞாபகார்த்தமாக நாற்காலிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். சிலர் வீட்டிலிருந்தே ஸ்பானர் கொண்டு வந்திருந்தார்கள். காவலாளி ஓடி வந்து பார்த்துவிட்டு, "மேற்குப் பக்கம் நகராட்சியோடது, தொடாதீங்க. கிழக்க என்ன வேணா பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒன்றைக் கழற்றினான். இலாரியோ மூக்கைச் சிந்திவிட்டு, பஞ்சர் கடைச் சாமான் பையைத் திறந்தான். பத்து நிமிஷத்தில் நான்கு நாற்காலிகள் அவன் காலடியில் கிடந்தன.

"உன் சீட்டு எது மாப்ள? சொல்லு, நானே கழட்டித் தர்றேன். உனக்குத்தான் முதல் உரிமை."

எவோதியோ வடக்கு ஸ்டாண்டைப் பார்த்தார். பெரிய பெரிய சிமெண்டுப் படிகள்.

"எனக்கு ஏது சீட்டு?" என்றார். "இருபத்தாறு வருஷமா நின்னுக்கிட்டேதான பாத்தேன்."

இலாரியோ ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு தான் கழற்றிய நான்கில் கொஞ்சம் வெளிறிப்போயிருந்த ஒன்றை எடுத்து, தூசியைத் தட்டி அவர் முன்னால் வைத்தான். எவோதியோ மறுக்கவில்லை. அதில் உட்கார்ந்து பார்த்தார். காலியாகிக்கொண்டிருந்த மைதானம் அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது. டிரம்மைத் தோளில் மாட்டியபடி தாங்கித் தாங்கி இறங்கி வந்த கிரெசென்சியா அவர் முன்னால் நின்றாள்.

"எழுந்திரு" என்றாள். "என் முழங்கால் வலிக்குது."

அவர் எழுந்து இடம் கொடுத்தார்.